நாவை அறிதல்: ஒலிநூலார் கண்ணும் மருத்துவர் கண்ணும்



மொழியியலைக் கற்றும் கற்பித்தும் ஓய்வுபெற்ற எமக்கு இப்பொழிவின் தலைப்பு ஏன் மருத்துவத்தைத் தொடுகிறது என்று ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் வியக்கக்கூடும். ஒலிகளின் பிறப்பைப் பாடம் சொல்லும்போதெல்லாம் கரும்பலகையில் யாம் ஒரு நாவை வரைந்து வந்தோம். முகத்தைப் பக்கவாட்டில் இரண்டாக வகிர்ந்தாற்போன்ற அந்தப் படத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்திருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அதே படத்தை ஒரு மருத்துவமனைத் திரையில் கண்டோம். அது எம் தமக்கையாரின் நா. அதன் வலப்பக்க விளிம்பில், சுற்றியுள்ள தசையினும் வெளிறித் தோன்றிய ஒரு திட்டை மருத்துவர் சுட்டிக்காட்டினார்.

மூடிய வாய்க்குள் இருக்கும் நாவை மனிதர் எவ்வாறு காணக் கற்றனர், அக்காட்சி அறுவைக்கு முன் மருத்துவர்க்கு எதைச் சொல்கிறது, மொழியைக் கற்பிப்போர்க்கு அதில் என்ன பங்கு என்பனவே இவ்வுரையின் பொருள்.

1. கருவியின்றிக் கண்டோர்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், ஒலிகள் பிறக்கும் இடங்களையும் முயற்சிகளையும் வகுத்துரைக்கிறது. மூச்சு உந்தியிலிருந்து எழுந்து மிடற்றிலும் தலையிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அதன் கொள்கை. நம் பொருளுக்கு இன்றியமையாதது, நாவை அந்நூல் பகுக்கும் முறை. முதல்நா அண்ணத்தைப் பொருந்தக் ககர ஙகரமும், இடைநா பொருந்தச் சகர ஞகரமும், நுனிநா பொருந்த டகர ணகரமும் பிறக்கும். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகர ழகரம் தோன்றும். லகர ளகரத்திற்கோ நாவின் விளிம்பு தடித்து வேலை செய்ய வேண்டும். ஆக, முதல், இடை, நுனி, விளிம்பு என நாவின் நான்கு பகுதிகளுக்கும் அன்றே பெயர் இருந்தது.

இந்நுட்பம் கண்ணால் அறியப்பட்டதன்று. தன் வாய்க்குள் நா தொடும் இடத்தைத் தானே உணர்ந்து அறிந்ததாகும். இன்றும் மாணவர்க்கு யாம் கொடுக்கும் முதற்பயிற்சி அதுவே: கண்ணை மூடுங்கள், ‘பல்’, ‘பள்ளம்’, ‘பழம்’ என்று மெல்லச் சொல்லுங்கள், நா எங்கே போகிறது என்று கவனியுங்கள். இவ்வுணர்வு நாவின் மேற்பரப்பைப் பற்றி நிறையச் சொல்லும். உள்ளே இருக்கும் தசையைப் பற்றி எதுவும் சொல்லாது. நோய் அமைவதோ உள்ளே.

2. கண்ணாடி, மாவு, கதிர்

வாய்க்குள் பார்க்கும் கருவிகளின் வரலாற்றில் மருத்துவரும் ஒலி ஆய்வாளரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள். மிடற்றைப் பார்க்கும் சிறு கண்ணாடியின் பயனை 1855இல் இலண்டன் அரச கழகத்தில் அறிவித்த மானுவேல் கார்சியா, ஒரு பாட்டு ஆசிரியர். பாடும்போது குரல்வளை எவ்வாறு இயங்குகிறது என்று காணும் ஆவலில், ஞாயிற்றொளியையும் கண்ணாடிகளையும் கொண்டு தம் மிடற்றைத் தாமே பார்த்தார். அவ்வழி பின்னர் மருத்துவத் துறை ஒன்றுக்கே அடிப்படையாயிற்று.

1870களின் தொடக்கத்தில் ஓக்லி கோல்ஸ் என்னும் இலண்டன் பல்மருத்துவர் மாவும் பசையும் கலந்த குழம்பை அண்ணத்தில் பூசி, ஓர் ஒலியை ஒலித்தபின் நா அக்குழம்பைத் துடைத்த இடத்தைக் கண்டு வரைந்தார். இம்முறை மொழியியலார் கைக்கு வந்து அண்ணவரைவு எனப் பெயர்பெற்றது. பல்மருத்துவர் கொடுத்ததை ஒலிநூலார் பெற்றுக்கொண்டனர்.

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். எலும்பைக் காட்டுவதில் ஈடிணையற்ற அக்கதிர், மென்தசையாலாகிய நாவை நிழல்போல் மட்டுமே காட்டிற்று. 1917இல் ஆங்கில ஒலியியலார் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உயிரொலிப் படங்களுக்காக, நாவின்மேல் ஈயத்தாலான மெல்லிய சங்கிலி கிடத்தப்பட்டது. அச்சங்கிலியின் வளைவே படத்தில் நாவின் வளைவாகத் தெரிந்தது. 1983இல் பீட்டர் லடிஃபோகட்டும் பெரி பாஸ்கரராவும் இந்தி, தெலுங்கு, தமிழ் ஆகியவற்றின் நாவளை ஒலிகளை ஊடுகதிர்ப் படங்களால் ஒப்பிட்டபோது, இந்தி பேசுவோரைவிடத் தமிழும் தெலுங்கும் பேசுவோர் நுனிநாவை மிகுதியாகப் பின்னோக்கி வளைப்பது புலனாயிற்று. எனினும் இவை யாவும் நாவின் புறக்கோட்டையே காட்டின. கோட்டுக்குக் கீழே உள்ளது இருளாகவே இருந்தது.

3. விரலை நம்பிய அறுவை

அவ்விருளிலேயே அறுவை மருத்துவர் நெடுங்காலம் பணியாற்றினர். இலண்டனில் ஹென்றி பட்லின் 1885இல் நாவின் நோய்கள் குறித்துத் தனிநூல் எழுதினார். அவர் காலத்தில் மருத்துவர் கைக்கொண்ட அளவுகோல் விரல். நாவை இருவிரலுக்கு இடையே பிடித்து, மென்மை முடிந்து கடினம் தொடங்கும் இடத்தைத் தடவி அறிந்து, அதற்கு அப்பால் வெட்டினர். கைப்பழக்கம் உடையோர் விரலை இன்றும் எவரும் இகழார். ஆயினும் விரல் சொல்லும் கடினம் நோயால் வந்ததா, அதைச் சூழ்ந்த அழற்சியால் வந்ததா என்று பிரிப்பது அரிது.

நாப்புற்று நாவோடு நிற்பதில்லை என்பதும் அக்காலத்திலேயே உணரப்பட்டது. நாவிலிருந்து வடியும் நிணநீர் கழுத்தின் கணுக்களுக்குச் செல்கிறது. நோயும் அவ்வழியே செல்லும். கழுத்துக் கணுக்களை முறையாக அகற்றும் அறுவையை அமெரிக்கரான ஜார்ஜ் கிரைல் 1906இல் விரித்துரைத்தார். ஆனால் எவருடைய கழுத்தைத் திறக்க வேண்டும், எவரை அத்துன்பத்திலிருந்து காக்கலாம் என்ற வினாவுக்கு அன்று தெளிந்த விடை இல்லை.

4. இருள் விலகிய பதின்மூன்று ஆண்டுகள்

1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு குழுவினர், செவிக்கு எட்டாத மீயொலியால் உடலின் உள்ளுறுப்புகளைப் படமாக்கிக் காட்டினர். 1971 அக்டோபரில் இலண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி, முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அடுக்கடுக்கான ஊடுகதிர்ப் படங்களாகக் காட்டிற்று. நாம் இன்று சி.டி. ஸ்கேன் என்பது அதன் வழித்தோன்றல். இவ்விரண்டிற்கும் இடையே கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகளே. அடுத்து 1973இல் பால் லாட்டர்பர், காந்தப் புலத்தைக் கொண்டு இரு சிறு குழாய்களில் இருந்த நீரைப் படமாக்கினார். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படத்தின் தொடக்கம் அந்த இரு நீர்க்குழாய்கள்தாம். பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் அவர்க்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாவுக்கு ஏன் காந்தப் படம் பெரிதும் ஏற்றது? நா எலும்பற்ற தசைக்கட்டு. நாவுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் தசைகள் நான்கு வகை. தாடை, நாவடி எலும்பு முதலிய வெளியிடங்களில் தொடங்கி நாவுக்குள் புகுபவை நான்கு வகை. இத்தசைகளுக்கு இடையே மெல்லிய கொழுப்புப் படலங்கள் உள்ளன. நடுவே வலத்தையும் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு ஒன்று உண்டு. காந்தக் கருவி உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அமைந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களின் மறுமொழியைக் கேட்டுப் படம் வரைகிறது. ஆகவே தசையும் கொழுப்பும் நோய்த்திட்டும் வெவ்வேறு வெளிச்சம் பெறுகின்றன. ஒருவகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாக ஒளிர, அதனிடையே நோய் கருமையாகத் தெரியும். மற்றொரு வகையில் தசை கருக்க, நோய் வெளிறும். நரம்பில் செலுத்தும் சாயமருந்து அவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். பல்லில் அடைத்த உலோகம் சி.டி. படத்தில் கீற்றுக் கீற்றாகக் கதிர்வீசி நாவை மறைத்துவிடுவது உண்டு. காந்தப் படத்தில் அத்தொல்லை பெரும்பாலும் குறைவு. தாடையெலும்பின் மேற்புறத்தை நோய் அரித்துள்ளதா என்று காணச் சி.டி. நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும் என்பதே பெருந்தொல்லை. நாவின் இயல்பு அசைவது. அரைமணிக்கும் மேலாக எச்சிலை விழுங்காமல் கிடப்பதன் அருமையை எம் தமக்கையார் வெளியே வந்ததும் ஒரே சொல்லால் விளக்கினார்; அச்சொல்லை இங்கே அச்சேற்ற இயலாது.

5. ஆழம் என்னும் அளவு

1986இல் ரொனால்டு ஸ்பைரோ குழுவினர் நியூயார்க்கிலிருந்து வெளியிட்ட ஆய்வு, நாப்புற்றின் பரப்பைவிட அதன் தடிமன் நோயின் போக்கை நன்கு முன்னறிவிப்பதாகக் காட்டிற்று. மேலே அகலமாகப் படர்ந்த நோயினும், சிறிதாகத் தோன்றி உள்ளே இறங்கிய நோய் கொடிது. இக்கருத்து வலுப்பெற்று, அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் படிநிலை வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில் விதியாயிற்று. 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அப்பதிப்பின்படி, 2 செ.மீ.க்கு மிகாத நோய் 5 மி.மீ. ஆழத்திற்குள் நின்றால் முதற்படி. அதே அகலம் இருந்தும் ஆழம் 5 மி.மீ.ஐத் தாண்டினால் இரண்டாம் படி. அகலம் 2 செ.மீ.க்கு மிகுந்து, ஆழமும் 10 மி.மீ.க்கு மிகுந்தால், குறைந்தது மூன்றாம் படி.

தடிமனும் ஆழமும் ஒன்றல்ல என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் மேலே பூக்கோசுபோல் எழும்பி நின்றால் தடிமன் மிகும், ஆழம் மிகாது. நோய் குழியாகப் புண்பட்டிருந்தால் தடிமன் குறையும், ஆழம் குறையாது. ஆகவே அளப்போர், இருபுறமும் உள்ள நலமான மேற்றோலை இணைத்து ஒரு கற்பனைக் கோடு போடுவர். அக்கோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு நூல் விட்டாற்போல் நோயின் அடி வரை அளப்பர். கொத்தனாரின் தூக்குக்குண்டு நினைவுக்கு வரும்.

இவ்வளவும் அறுவைக்கு முன்னரே தெரிவதால் மூன்று முடிவுகளுக்கு வழி பிறக்கிறது. முதலாவது, எவ்வளவு வெட்டுவது. நோயைச் சுற்றி ஏறத்தாழ 1 செ.மீ. நலமான தசையும் சேர்த்து அகற்றுவது பொதுவழக்கம். பக்கவாட்டில் மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் அந்த அளவு வேண்டும். நடுத்தடுப்பைத் தாண்டியதா, இருபுற நாத்தமனிகளுக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்று படம் சொல்லும். எஞ்சும் நாவுக்கு ஒரு தமனியேனும் நிலைக்க வேண்டுமல்லவா? இரண்டாவது, இழந்த இடத்தை எதனால் நிரப்புவது. சிறு பகுதியாயின் தைத்து மூடலாம். பாதி நா போகுமாயின் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் திசுவும் எடுத்து இரத்தக்குழாயோடு இணைப்பர். மூன்றாவது, கழுத்தைத் திறப்பதா என்பது. இவ்வினாவுக்கு வலுவான விடை மும்பையிலிருந்து வந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டி குரூஸ் தலைமையில் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, தொடக்கநிலை வாய்ப்புற்றாளர் 500 பேரை நோக்கியது. கணு வெளிப்படும் முன்னரே கழுத்து அறுவையும் செய்யப்பட்டவருள் மூன்றாண்டு முடிவில் 80 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். கணு வெளிப்படும்வரை காத்திருந்தோருள் 67.5 விழுக்காட்டினர். ஆழம் மிகுந்த நோயில் கழுத்து அறுவையை மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான்.

படமும் பிழைபடும். நோயைச் சூழ்ந்த வீக்கமும் வெளிறித் தோன்றுவதால், காந்தப் படம் ஆழத்தைச் சற்று மிகுத்தே காட்டுவது வழக்கம். மாதிரிச் சதை எடுத்த காயமும் அவ்வாறே மயக்கும். அதனால் முதலில் படம், பின்னர் சதைச்சோதனை என்னும் முறையைப் பலர் விரும்புவர். வெட்டி எடுத்த நா சுருங்குவதால், நுண்ணோக்கியின் கீழ் அளவு குறைவதும் உண்டு. மேலோட்டமான மிகச் சிறு நோய் காந்தப் படத்தில் தெரியாமலே போகலாம். அவ்விடத்து, விரலளவுள்ள சிறு மீயொலிக் கருவியை நாவின்மேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றனர். படமும் விரலும் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்ப்பதே நன்முறை.

6. வேர் எவ்வளவு ஆழம்?

எம் தமக்கையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெற்றிலை பாக்கு அவரை விட்டு நீங்கியதில்லை. நாவிளிம்பில் புண் வந்தபோது, அருகிலிருந்த சிறு மருந்தகம் ஒன்றில் களிம்பு கொடுத்தனர். ஆறாதபோது வேறொரு களிம்பு கொடுத்தனர். இரண்டு மாதம் அவ்வாறே சென்றது. பெரிய மருத்துவமனையில் மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்க, தமிழாக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. ‘ஊடுருவல் ஆழம்’ என்று இலக்கணம் வழுவாத ஒரு தொடரை அமைத்துச் சொன்னோம். அவர் எம்மை ஒரு கணம் பார்த்தார்.

“வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு கேக்குறாங்களா தம்பி? அப்படிச் சொல்லேன்” என்றார். பிறகு திரையைப் பார்த்து, “உளி கொஞ்சம் ஆழமாப் போனா மரம் கெட்டுப்போயிடும். மேல எவ்வளவு நீளம் வெட்டுனாலும் பரவாயில்ல” என்றார். எட்டாம் பதிப்பின் சாரத்தை எம் தமக்கையார் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

படத்தில் ஆழம் 7 மி.மீ. இருந்தது. நாவின் வலப்பாதியில் ஒரு பகுதியையும் அப்பக்கத்துக் கழுத்துக் கணுக்களையும் அகற்ற வேண்டும் என்றனர். யாம் கேட்ட முதல் வினா, ழகரம் ஒலிக்க இயலுமா என்பது. எம் துறை எம்மை அவ்வாறு கேட்க வைத்தது. நுனி தப்பும் என்று படத்தைக் காட்டிய மருத்துவர், ஓரளவு இயலும் என்றார். தமக்கையாரோ, “பொறந்ததிலேருந்து நான் பளம்னுதான் சொல்றேன். ழ வேணாம். சோறு முழுங்க முடியுமான்னு கேளு” என்றார். அன்றிலிருந்து, நாவின் தொழில் பேச்சு என்று பாடம் தொடங்கும்போதெல்லாம் அக்குரல் எம்மை இடைமறிக்கிறது.

அறுவைக்குப் பின் அவர் சோறு விழுங்கினார். முதலில் கஞ்சி, ஆறு வாரத்தில் குழைந்த சோறு. பேச்சில் எம் கணிப்புப் பொய்த்தது. நுனிநா ஒலிகள் விரைவில் மீண்டன. விளிம்பு வேலை செய்ய வேண்டிய லகர ளகரங்களே அவரை நெடுநாள் வருத்தின. விளிம்பு தடிக்க வேண்டும் என்று பிறப்பியல் சொல்லியிருந்ததை நாற்பது ஆண்டு கற்பித்தும், அவர் வாயிலிருந்து ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல் சிதைந்து வந்தபோதே அதன் பொருளை முழுதுணர்ந்தோம். பேச்சுப் பயிற்சியாளர் துணையால் ஓராண்டில் அவர் இடப்பக்க விளிம்பால் அவ்வொலிகளை ஆக்கக் கற்றுக்கொண்டார்.

இங்கே இரு துறைகளும் மீண்டும் சந்திக்கின்றன. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்டு, அபிகேல் கோன் ஆகியோர் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் காந்தப் படம் முதலிய கருவிகளால் ஆய்ந்து, அவற்றை ஒலிக்கையில் நா கொள்ளும் வடிவங்களை வெளியிட்டனர். புற்றின் ஆழத்தை அளக்கும் அதே வகைக் கருவி, ழகரத்தின் வடிவத்தையும் வரைந்திருக்கிறது. நலமான தமிழ் நா எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவு, நோயுற்ற நாவை மீட்போர்க்குப் பயன்பட வேண்டிய அறிவு.

7. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இந்நாட்டுச் சூழலில் இது நம் வீட்டுச் செய்தி. புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கைப் புற்று விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இலேயே வகைப்படுத்தியது. 2004இல் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் பாக்கையும் அவ்வாறே வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, குறிப்பாக வெற்றிலை போடும் முதிய பெண்களிடையே, மிகுந்து காணப்படுவது மருத்துவர் நன்கறிந்தது. தாம்பூலத்தை மங்கலமாகப் போற்றும் மரபு நம்முடையது. மங்கலத்தைத் தட்டில் வைத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு கடமைகளைச் சொல்லி அமைகிறோம். வாயில் இரு வாரத்திற்கு மேல் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள பாட்டியிடம் சொல்லட்டும். அதற்குக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

மற்றது கலைச்சொல் ஆக்குவோர்க்கு உரியது. நாவிளிம்பு, நுனிநா, முதல்நா என்பன இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கின்றன. மருத்துவத் தமிழுக்கு அவற்றை எடுத்துத் தரலாம். இல்லாதவற்றை ஆக்கும்போது, அகராதியைத் திறக்கும் முன் நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்பது நலம். எம் குறிப்பேட்டில் ‘ஊடுருவல் ஆழம்’ என்பதற்கு எதிரே இப்போது ‘வேராழம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அச்சொல்லை ஆக்கியவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், இன்றும் இருக்கிறார். ளகரம் இன்னும் சற்று வழுக்குகிறது. சோறு இறங்குகிறது.